வைஃபை இருக்கு, கேபிளும் இருக்கு… நெட் மட்டும் எங்கே போச்சு?

காலை 10 மணிக்கு கிளையன்ட் மீட்டிங். வைஃபை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. டெமோ காட்டுவதற்காக, டெஸ்ட் கருவிகள் இருக்கும் தனி ரவுட்டரின் லேன் கேபிளை லேப்டாப்பில் செருகுகிறீர்கள். அடுத்த நொடி வீடியோ உறைந்துவிடுகிறது. ‘சிக்னல் ஃபுல்லா இருக்கே, அப்புறம் என்ன ஆச்சு?’ என்று வைஃபையை ஆஃப் செய்து ஆன் செய்கிறீர்கள். பலன் இல்லை. கேபிளைப் பிடுங்கினால் எல்லாம் சரி!

உபுண்டு போன்ற லினக்ஸ் பயன்படுத்துபவர்கள் பலருக்கும் இது பழகிய தலைவலி. கோளாறு வைஃபையில் இல்லை, ரூட்டிங்கில்.

சிக்கல் எங்கே?

ஒரு டேட்டா பாக்கெட் எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதை, ‘ரூட்டிங் டேபிள்’ என்ற பட்டியலைப் பார்த்துத்தான் லினக்ஸ் முடிவு செய்கிறது. ஒரு முகவரிக்கெனத் தனி வழி இல்லாவிட்டால், ‘டிஃபால்ட்’ வழியில் அனுப்பிவிடும். கேபிளும் வைஃபையும் சேர்ந்திருக்கும்போது டிஃபால்ட் வழிகள் இரண்டாகிவிடும். அப்போது ‘மெட்ரிக்’ எண் எதற்குக் குறைவோ, அதற்கே முன்னுரிமை.

நெட்வொர்க் மேனேஜர் மென்பொருள் வழக்கமாக கேபிளுக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக் தருகிறது. ஆக, கேபிள்தான் ஜெயிக்கும். அதன் மறுமுனையில் இணையம் இருக்கிறதா என்று ரூட்டிங் டேபிள் கவலைப்படாது. இதைச் சோதித்து மெட்ரிக்கை மாற்றும் வசதி உண்டு. ஆனால் அது எல்லாக் கணினிகளிலும் இயங்குவதில்லை.

போன் டேட்டா காலியாவதும் இதனால்தானா?

ஆமாம், நடக்கலாம். யுஎஸ்பி டெதரிங் ஆன் செய்த போனை லினக்ஸ் ஒரு ‘கேபிள் இணைப்பாக’வே பார்க்கிறது. வீட்டில் வைஃபை இருந்தாலும், பெரிய அப்டேட் ஒன்று சத்தமில்லாமல் உங்கள் அன்றைய மொபைல் டேட்டாவைத் தின்றுவிடும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. டெர்மினலைத் திறந்து ‘ஐபி ரூட்’ என்ற இரு சொற்களை ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ‘டிஃபால்ட்’ என்று தொடங்கும் வரிகள் இரண்டு இருந்தால், மெட்ரிக் எண்களை ஒப்பிடுங்கள்.

2. ‘ஐபி ரூட் கெட் 8.8.8.8’ என்று கேளுங்கள். இணையத்துக்குப் போகும் பாக்கெட் எந்த இணைப்பைப் பிடிக்கிறது என்று லினக்ஸே சொல்லிவிடும்.

3. 8.8.8.8-க்கு பிங் போகிறது, ஆனால் இணையதளப் பெயருக்குப் போகவில்லையா? அப்படியென்றால் வழியில் பிரச்சினை இல்லை; டிஎன்எஸ்ஸைப் பாருங்கள்.

எப்படிச் சரிசெய்வது?

செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குச் சென்று, கேபிள் இணைப்பின் ஐபிவி4 பக்கத்தைத் திறங்கள். ‘இந்த இணைப்பை அதன் சொந்த நெட்வொர்க்குக்கு மட்டும் பயன்படுத்து’ என்ற பொருளில் ஒரு பெட்டி இருக்கும். அதை டிக் செய்யுங்கள். ஐபிவி6 பக்கத்திலும் இதையே செய்துவிட்டு, இணைப்பை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள். இனி டெஸ்ட் கருவிகளுக்கு கேபிள், இணையத்துக்கு வைஃபை.

போன் இணைப்பு ‘பேக்கப்’ ஆக வேண்டும் என்றால் பெட்டியை டிக் செய்ய வேண்டாம். அதன் மெட்ரிக்கை 700 என்று உயர்த்தினால் போதும். வைஃபை துண்டிக்கப்பட்டால் மட்டும் போன் கைகொடுக்கும்.

கவனிக்க வேண்டியவை

டெர்மினலில் டிஃபால்ட் வழியை அழித்தும் சமாளிக்கலாம். ஆனால் அது தற்காலிகம்தான். ரீஸ்டார்ட் செய்தால் பழைய கதை. தொலைவிலுள்ள சர்வரில் எஸ்எஸ்ஹெச் வழியாக இருக்கும்போது இதைச் செய்யவே செய்யாதீர்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டியதுபோல் ஆகிவிடும்!

இரண்டு ரவுட்டர்களும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியில் இருந்தால், மேலே சொன்ன எதுவும் முழுசா உதவாது. ஒன்றை 192.168.50.1 என்பதுபோல் வேறு வரிசைக்கு மாற்றுங்கள்.

அடுத்த முறை நெட் நின்றால், ரவுட்டரைத் திட்டும் முன் ‘ஐபி ரூட்’ அடித்துப் பாருங்கள். மீட்டிங் நேரத்தில் அல்ல, முந்தைய நாளே!