பாவை கற்பிக்கும் பாடம்

குழந்தையின் விளையாட்டு வெறும் பொழுதுபோக்கன்று, அது கல்வியுமாகும். மழலைப் பாவையைத் தாலாட்டும் சிறுமி தாயாகின்றாள். வளர்ந்த மங்கையின் உருவப் பாவையை ஏந்துபவளோ, நாளை தான் ஆகப்போகும் உருவத்தை அதனிற் காண்கின்றாள். இவ்வேறுபாடு சிந்தித்தற்குரியது.

அமெரிக்க நாட்டு ரூத் ஹான்ட்லர் அம்மையார், தம் மகள் காகிதப் பாவைகளை வளர்ந்த மாதராகப் பாவித்து விளையாடுதலைக் கண்டார். சிறுமியர் தம் எதிர்காலத்தைக் கற்பனை செய்தற்கு ஒரு கருவி வேண்டும் எனக் கருதி, 1959ஆம் ஆண்டில் 'பார்பி' என்னும் பாவையை வெளியிட்டார். ஜேர்மனியில் வளர்ந்தோருக்கென விற்கப்பட்ட லில்லி என்னும் பாவை அதற்கு முன்மாதிரியாயிற்று.

நோக்கம் நன்றே, ஆயின், உருவம் பிறிதொன்றைப் போதித்தது. அத்தகைய உடலமைப்பு இலட்சம் பெண்களுள் ஒருவருக்கேனும் அமைதல் அரிது என 1996ஆம் ஆண்டு ஆய்வொன்று கணித்தது. 1965இல் வெளிவந்த பார்பித் தொகுதி ஒன்றில் 110 இறாத்தலையே காட்டும் நிறைகருவியும், உடல் மெலிதற்கு வழி கூறும் சிறுநூலும் இருந்தன. உண்ணாதிருத்தலே அந்நூல் கூறிய வழி!

இதன் விளைவு யாது? இங்கிலாந்தில் ஐந்து முதல் எட்டு வயதுடைய 162 சிறுமியரிடம் நடாத்தப்பெற்று, 2006இல் வெளியான ஆய்விலே, பார்பியின் படங்களைக் கண்ட இளஞ்சிறுமியர் தம் உடலிற் குறைகண்டு, மெலிந்திருத்தலை விரும்பினர். அவருள் மூத்தோரிடம் இவ்விளைவு தோன்றவில்லை. அமெரிக்காவில் 37 சிறுமியரைக் கொண்டு செய்து 2014இல் வெளியிட்ட ஆய்வு, தொழில் பற்றிய எண்ணத்தை ஆராய்ந்தது. ஐந்து நிமிடம் பார்பியுடன் விளையாடியோர், ஆண்பிள்ளைகள் ஆற்றக்கூடிய தொழில்களிலும் தாம் ஆற்றக்கூடியவை குறைவு என்றனர். உருளைக்கிழங்கு வடிவப் பாவையுடன் விளையாடியோரிடம் அவ்வேறுபாடு சிறிதாகவே இருந்தது. பார்பிக்கு வைத்தியர் உடை அணிவித்தபோதும் முடிவு மாறவில்லை. உடை பேசுவதினும் உருவம் உரத்துப் பேசுகின்றது போலும்!

இவை சிறிய ஆய்வுகளே. பாவை ஒன்றே குழந்தையின் மனத்தை வகுப்பதுமன்று. 2016இல் நெடிய, குறுகிய, பருத்த உருவங்களிலும் பார்பி வெளிவந்தது. எனினும், கடை செய்யும் திருத்தம் மட்டும் போதாது. 'பருத்தாய், கறுத்தாய்' என இல்லத்தார் நகைக்குஞ் சொல்லும் அதே பாடத்தையே புகட்டுகின்றது. தன் உடல் பிறர் நோக்குதற்கமைந்த காட்சிப்பொருளன்று, ஓடவும் உழைக்கவும் கற்கவும் உதவும் கருவி என்பதைச் சிறுமி உணரச் செய்தல் பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் கடனாம். அவ்வுணர்வு பெற்றவள் கையிற் பாவை பாவையாகவே இருக்கும். அவளை அளக்கும் கோலாகாது.