மலையேறினால் புற்றுநோயாளிக்கு என்ன கிடைக்கும்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ மொட்டைமாடியில் நின்று மேற்கே பார்த்தால் மலைதான். அமாவாசை, பௌர்ணமிக்குச் சதுரகிரி ஏறி சுந்தர மகாலிங்கத்தைக் கும்பிட்டு வருவது இந்தப் பக்கத்தில் பலருக்கும் பழக்கம். 'உடம்பு தேறினால் மலையேறி வர்றேன்' என்று வேண்டிக்கொள்பவர்களும் உண்டு. வெளிநாடுகளில் இதே ஏற்றத்தை வேறு மாதிரி செய்கிறார்கள். 'நான் சிகரம் ஏறுறேன். நீங்க புற்றுநோயாளிகளுக்குப் பணம் கொடுங்க' என்பதுதான் அங்கே பேச்சு.

அப்படி ஏறியவர்களில் மறக்க முடியாதவர், அமெரிக்காவின் ஷான் ஸ்வார்னர். 13 வயதில் ஹாட்ஜ்கின் லிம்போமா. அதிலிருந்து மீண்டால், 16 வயதில் அதோடு தொடர்பே இல்லாத இன்னொரு புற்றுநோய். டாக்டர்கள் கொடுத்த கெடு 14 நாள்! பிழைத்தார், ஆனால், சிகிச்சையில் ஒரு நுரையீரல் செயலிழந்தது. மிச்சமிருந்த ஒரு நுரையீரலோடு 2002 மே 16 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். கையில், புற்றுநோயால் பாதிக்கப்பட்டவர்களின் பெயர்கள் எழுதிய கொடி. இப்போது ஆப்பிரிக்காவின் 5,895 மீட்டர் உயர கிளிமஞ்சாரோவுக்கு ஆட்களை அழைத்துப்போய், தன் அமைப்புக்கு நிதி திரட்டுகிறார்.

'அதெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு' என்று ஒதுக்கவும் முடியாது. 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறிய முத்தமிழ்ச்செல்வி, நம் விருதுநகர் மாவட்டத்துப் பெண்தான். இரண்டு பிள்ளைகளுக்கு அம்மா. அவர் ஏறியது புற்றுநோய் நிதிக்காக அல்ல. ஆனால், மலையேற்றத்துக்கே எவ்வளவு செலவாகும், அதற்கு எத்தனை பேரிடம் உதவி கேட்க வேண்டும் என்பதை அவரைக் கேட்டால் தெரியும்.

இங்கேதான் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். வசந்த காலத்தில் எவரெஸ்ட் ஏற, நேபாள அரசுக்குக் கட்ட வேண்டிய அனுமதிக் கட்டணம் மட்டுமே 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நம் பணத்தில் சுமார் 13 லட்சம் ரூபாய். ஷெர்பா, ஆக்சிஜன், விமானமெல்லாம் தனி.

அந்தப் பணம் இங்கே என்ன செய்யும்? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. ஆனால், கதிர்வீச்சு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள், பல வாரங்கள். ராஜபாளையத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 85 கிலோமீட்டர். கூட ஒருவர் போக வேண்டும்; அவருடைய அன்றைய கூலியும் போச்சு. பயணம், சாப்பாட்டுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 500 ரூபாய் என்று வைத்தாலும், 25 நாளைக்கு 12,500 ரூபாய். காசு இல்லாமல் சிகிச்சையைப் பாதியில் விடுவது இந்த இடத்தில்தான். ஒரு எவரெஸ்ட் அனுமதிச் சீட்டின் விலையில் 100 குடும்பங்களுக்கு இந்தச் செலவைப் பார்த்துவிடலாம். (சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. டாக்டரிடம் அதற்கான சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்.)

அதனால், மலையேறப்போகிறேன் என்று யாராவது நிதி கேட்டால், சங்கோஜப்படாமல் கேளுங்கள்: 'ஏறுற செலவு உங்களோடதா, நாங்க கொடுக்கிறதிலிருந்தா?' சொந்தச் செலவில் ஏறி, வசூலை அப்படியே மருத்துவமனைக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். வசூலில் ஒரு பங்கைப் பயணத்துக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுச் செய்தால் தப்பில்லை. ரசீது மருத்துவமனை அல்லது அறக்கட்டளையின் பெயரில் இருக்க வேண்டும்.

ஊர் கூடிப் பணம் சேர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையே சாட்சி. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, நன்கொடை திரட்டி 1954-ல் அதை ஆரம்பித்தபோது இருந்தவை 12 படுக்கைகள்.

சதுரகிரியிலேயே இப்படி ஒரு ஏற்றம் நடத்தலாமே என்று தோன்றலாம். அது 2021-லிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. வனத்துறை அனுமதி இல்லாமல் கூட்டம் சேர்க்க முடியாது. மழை பெய்தால் ஓடைகளும் ஆபத்து. மலைதான் வேண்டும் என்றில்லை. ஒரு காலைப் புற்றுநோய்க்கு இழந்த கனடா இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ், 1980-ல் நாட்டில் ஆளுக்கு ஒரு டாலர் கேட்டு ஓடியது சாதாரணத் தார் ரோட்டில். 143 நாளில் 5,373 கிலோமீட்டர். அவர் பெயரில் சென்னை ஐ.ஐ.டி-யிலும் ஓடியிருக்கிறார்கள்.