சுகமாக இருக்கிறது என்று குளிசையை நிறுத்தலாமா?



ஹட்டன், நுவரெலியா பக்கம் டவுனிலும் தோட்டத்து லயங்களிலும் 'பிரஷர்' என்ற சொல்லை அறியாதவர் இல்லை. கிளினிக்கில் ஒரு மாதக் குளிசை வாங்கி வருகிறோம். பத்து நாள் போனதும், "எனக்குத்தான் ஒன்றும் செய்யவில்லையே!" என்று மீதியை அலுமாரியில் வைத்துவிடுகிறோம். அப்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது, தெரியுமா?

சிறுநீரகத்துக்கு வரும் இரத்தம் குறைந்தால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. அதிலிருந்து தொடங்கும் வேலையின் முடிவில் ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் உண்டாகிறது. வயிற்றோட்டத்தில் நீர் வற்றும்போதும், இரத்தம் சிந்தும்போதும் உயிரைக் காக்க அல்லாஹ் வைத்த ஏற்பாடு இது. உப்பை உடம்பில் பிடித்து வைக்கச் செய்வதும் இதுவே.

இரத்தக் குழாய்த் தசையின் செல்லில் வாசல் மணி போல ஓர் அமைப்பு உண்டு. ஹார்மோன் வந்து அந்த மணியை அடித்ததும், செல்லுக்குள் சேமித்திருக்கும் கால்சியம் வெளிவருகிறது. தசை சுருங்குகிறது, அழுத்தம் ஏறுகிறது. இது நொடிகளில் நடப்பது.

மணி ஓயாமல் அடித்தால்? இதயச் செல்களின் கருவரைக்கும் 'வளர்' என்ற சேதி போகிறது. வருடக் கணக்கில் இதயச் சுவர் தடிக்கிறது, குழாய்கள் விறைக்கின்றன. வலியே இராது. ஒருநாள் மூச்சுத் திணறலாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படும்.

எனலாப்ரில் இந்த ஹார்மோன் உண்டாவதைக் குறைக்கிறது. லொசார்டன் மணியைப் பொத்திக்கொள்கிறது. இவ்வகைக் குளிசைகளில் முதலாவதான கெப்டோப்ரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதற்கு வழிகாட்டியது பிரேசில் நாட்டுப் பாம்பின் விஷம். நஞ்சிலும் மருந்துக்கு வழி வைத்தவன் அவன்!

சில விஷயங்களை மறவாதீர்கள். இக்குளிசைகள் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. சிசுவின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கர்ப்பம் என்று சந்தேகம் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். எனலாப்ரிலால் வறட்டு இருமல் வரலாம். மலைக்குளிர் என்று இருந்துவிடாமல் டாக்டரிடம் கூறுங்கள். பக்கத்து வீட்டு ராத்தாவின் குளிசையைக் கடன் வாங்கி விழுங்காதீர்கள்.

ரமழானில் சஹருக்கா, நோன்பு திறந்த பிறகா என்று முன்கூட்டியே கேட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். கருவாடும் ஊறுகாயும் குறையட்டும். நாளொன்றுக்கு உப்பு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும்.

உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். இன்றே அலுமாரியைத் திறந்து பாருங்கள். குளிசை மிஞ்சியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய், நிறுத்திவிட்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.