எழில் நிரல்மொழியில் நிபந்தனையும் மடக்கும்: ‘வரை’ என்னும் சொல்லை முன்வைத்து

நிபந்தனைக் கூற்று ஒரு செயலைச் செய்வதா விடுவதா என்பதைத் தீர்மானிக்கிறது. மடக்கு, நிபந்தனை உண்மையாக இருக்குமளவும் ஒரு செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. முத்தையா அண்ணாமலை உருவாக்கி 2009இல் கட்டுரை வழி அறிமுகப்படுத்திய எழில் நிரல்மொழி, இவ்விரண்டையும் தமிழ்ச் சொற்களால் எழுத இடமளிக்கிறது. அச்சொற்கள் தொடக்கநிலை மாணவருக்கு எங்கே துணைநிற்கின்றன, எங்கே மயக்கம் தருகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவைப் பாசுரங்கள் 30. மார்கழியில் நாளுக்கொன்றாக அவற்றை ஓதும் வழக்கம் மடக்கிற்கு ஏற்ற சான்றாகும். 27ஆம் பாசுரத்திற்குரிய நாள் கூடாரவல்லி எனப்படும். இதனை எழிலில் பின்வருமாறு எழுதலாம்:

நாள் = 1
@( நாள் <= 30 ) வரை
    @( நாள் == 27 ) ஆனால்
        பதிப்பி "கூடாரவல்லி"
    இல்லை
        பதிப்பி நாள்
    முடி
    நாள் = நாள் + 1
முடி

நிபந்தனை முன்னும் அதனை ஆளும் சொல் பின்னும் வருவது தமிழ்த் தொடரமைப்போடு ஒத்துள்ளது. ‘ஆனால்’ என்பது இன்றைய உரைநடையில் பெரிதும் எதிர்நிலை இணைப்புச் சொல்லாக வழங்கினும், நிபந்தனையின் இறுதியில் நிற்பதால் இங்கு மயக்கம் தருவதில்லை.

‘வரை’ அத்தகையதன்று. ‘உயிர் இருக்கும் வரை’ என்பதில் அது ஒரு நிலை நீடிக்கும் காலத்தைச் சுட்டுகிறது. ‘மழை பெய்யும் வரை காத்திரு’ என்பதிலோ இன்னும் நிகழாத ஒன்று நிகழும் எல்லையைச் சுட்டுகிறது. இவ்வேறுபாட்டைக் காட்டுவது ‘வரை’ அன்று. அதற்கு முன்னுள்ள வினையும் சூழலுமே ஆகும். எழிலில் அவ்வினை இல்லை, குறியீடே உள்ளது. எனவே வினையை மாணவரே மனத்தால் வருவித்துக்கொள்ள வேண்டியுள்ளது. ‘இருக்கும்’ என வருவித்தால் நிரல் சரியாக அமையும். ‘ஆகும்’ என வருவிப்பவர் ‘நாள் 30 ஆகும் வரை’ எனக் கருதி, @( நாள் == 30 ) வரை என எழுதுவார். தொடக்கத்தில் நாளின் மதிப்பு 1 ஆதலால் நிபந்தனை பொய்யாகிறது. மடக்கு ஒருமுறைகூட இயங்காது. கணினி பிழைச்செய்தி எதுவும் தராது என்பதே இதிலுள்ள பெருஞ்சிக்கல். மாணவர் தம் தமிழை நம்பி எழுதியது தமிழளவில் பிழையன்று.

நாளைக் கூட்டும் வரி விடுபட்டால் நேர்வது வேறு: முதல் எண்ணே முடிவின்றி அச்சாகும். இது கண்ணுக்குத் தெரியும் பிழையாதலால் விரைவில் திருத்தப்படும். மார்கழி 29 நாளில் முடியும் ஆண்டுகளில் 30ஆம் பாசுரம் விடுபடாதிருக்க, எண்ண வேண்டியது நாளையன்று, பாசுரத்தையே என்பதையும் வகுப்பில் இதனோடு சேர்த்துக் காட்டலாம்.

‘வரை’யைக் கற்பிக்கும் ஆசிரியர், நிரலை எழுதுமுன் ‘நாள் 30ஐத் தாண்டாமல் இருக்கும் வரை’ என முழுத்தொடராக எழுதச் செய்து, பின்னரே அதனைக் குறியீடாக மாற்றச் செய்வது பயன்தரும்.