ஓய்வுநாளும் உயிரும்

கி.மு. 167ஆம் ஆண்டளவில் யூதேயாவை ஆண்ட கிரேக்க மரபினனாகிய நான்காம் அந்தியோக்கசு என்னும் அரசன், யூதர் தம் வேத விதிகளைக் கைக்கொள்ளலாகாதெனக் கட்டளையிட்டான். விருத்தசேதனம் செய்தலும் ஓய்வுநாளை அனுட்டித்தலும் மரணதண்டனைக்குரிய குற்றங்களாயின. அதற்கு அடங்க மனமற்ற பலர் மனைவி மக்களோடும் கால்நடைகளோடும் வனாந்தரத்துக் குகைகளில் ஒளித்தனர். அரச சேனை அவர்களைத் தாக்கிய நாள் ஓய்வுநாள். உள்ளே இருந்தோர் ஒரு கல்லைத்தானும் எடுத்தெறிந்திலர், குகைவாயிலை அடைத்ததுமில்லை. ஏறக்குறைய ஆயிரம் பேர் அங்கு மடிந்தனர் என்று மக்கபேயர் முதலாம் ஆகமம் கூறுகின்றது.

அச்செய்தி கேட்டுத் துயருற்ற மத்தத்தியா என்னும் ஆசாரியரும் அவரைச் சூழ்ந்தோரும் ஒரு முடிவுக்கு வந்தனர். எல்லோரும் இவ்வாறே மடிந்தால் விதியைக் காப்பதற்கு ஆளே எஞ்சாது; ஆதலின் ஓய்வுநாளிலே தம்மைத் தாக்குவோரை எதிர்த்துப் போர் செய்வது என்பதே அம்முடிவு. முன்னவர் விதிக்காக உயிரை விட்டனர்; பின்னவர் விதிக்காகவே விதியை நெகிழ்த்தினர். இருசாராரையும் அந்நூல் பழிக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

பிற்காலத்து யூத ஆசிரியர்கள் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தனர். வேத விதிகள் மனிதன் அவற்றால் வாழ்வதற்கென்றே அருளப்பட்டன, சாவதற்கன்று என்னும் கருத்தை அவர்கள் லேவியராகமத்தின் 18ஆம் அதிகாரத்திலிருந்து பெற்றனர். ஒருவன் பல ஓய்வுநாட்களைக் காக்கும்பொருட்டு அவனுக்காக ஓர் ஓய்வுநாளை மீறலாம் என்பது தல்மூது நூலிற் காணப்படும் மற்றொரு நியாயம். எனினும் இத்தளர்வுக்கு எல்லை உண்டு. விக்கிரக வணக்கம், கொலை, முறைதவறிய உறவு என்னும் மூன்றையும் உயிருக்கு அஞ்சியும் செய்தலாகாது. தன்னுயிர் காக்கப் பிறனுயிரைக் கொல்லென்று ஒருவன் ஏவப்பட்டால், அவன் தன்னுயிரையே விடவேண்டும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவரும், தாமே வைத்தியராயிருந்தவருமாகிய மைமோனிடிசு இன்னும் ஒருபடி மேற்சென்றார். ஓய்வுநாளில் உயிராபத்திலுள்ள நோயாளிக்குச் செய்யும் பணிகளைப் பிறமதத்தவரிடமோ சிறுவரிடமோ ஒப்புவியாது, இஸ்ரவேலின் பெரியோரும் அறிஞருமே செய்தல் வேண்டும் என்று அவர் விதித்தார். விதியை மீறுவதுபோலத் தோன்றுவதைக் கற்றவரே முன்னின்று செய்யும்போது, அது மீறலன்று, கடமையே என்பது ஊரார்க்கெல்லாம் விளங்கும் அல்லவா?

இனி, இயேசுவையே வாக்களிக்கப்பட்ட மேசியாவாக ஏற்றுக்கொண்டும் யூத நெறியைக் கைவிடாதவர் நிலை யாது? இயேசு ஓய்வுநாள் விதியைத் தள்ளிவிட்டார் எனப் பலர் எளிதிற் சொல்லிவிடுவர். சுவிசேஷங்களை ஊன்றி நோக்கின் வழக்கு அத்துணை எளிதன்று. சூம்பிய கையனுக்கு அன்றே உயிராபத்து இருந்ததில்லை. மறுநாள்வரை அவன் பொறுத்திருக்கலாம். பதினெட்டு ஆண்டுகளாய்க் கூனியிருந்த பெண்ணும் அவ்வாறே. வேலை செய்ய ஆறு நாட்கள் உண்டே என்று ஜெபாலயத் தலைவன் சினந்தது இதனாலேயாம். ஆகவே உயிர்காக்க ஓய்வுநாளை மீறலாமா என்பது அங்கே வினாவன்று. நீண்டநாள் துன்பமும் அவ்விலக்கினுள் அடங்குமா என்பதே வினா. இயேசு கூறிய விடையோ யூத ஆசிரியர் கையாண்ட முறையிலேயே அமைந்தது: மாட்டைத் தொழுவிலிருந்து அவிழ்த்துத் தண்ணீர் காட்டுதல் அன்று தகுமாயின், ஆபிரகாமின் மகளைக் கட்டவிழ்த்தல் தகாதோ என்னும் கருத்தினது அது. எளியதைக் கொண்டு அரியதை நிறுவும் இம்முறை விதிக்குள் நின்று வழக்காடுவோன் முறை. விதியைத் தூக்கியெறிவோன் முறையன்று. அக்காலத்தில் இவ்விடயத்தில் எல்லோரும் ஒருமனப்பட்டதுமில்லை. 1910ஆம் ஆண்டிற் பதிப்பிக்கப்பெற்ற தமஸ்கு ஆகமம் என்னும் பழஞ்சுவடி, ஓய்வுநாளிற் குழியில் வீழ்ந்த மிருகத்தைத் தூக்கிவிடலாகாதென்கின்றது.

மேசியாவை ஏற்றும் யூதராய் வாழும் முயற்சி பிற்காலத்திற் புத்துயிர் பெற்றது. 1880களில் கிசினேவ் நகரில் யோசேப்பு ரபினோவிச் என்பவர் இத்தகையதொரு சபையைத் தொடக்கினார். அமெரிக்காவிலிருந்த எபிரேயக் கிறித்தவர் சங்கம் 1975இல் தன் பெயரை மேசியா யூதர் சங்கம் என மாற்றிக்கொண்டது. இஸ்ரேல் உச்ச நீதிமன்றமோ 1989இல் இத்தகையோரை, நாடு திரும்பும் யூதருக்குரிய சட்டத்தின் நோக்கில், வேறு சமயத்தைச் சேர்ந்தவராகவே கொண்டது. அவர்களுள்ளும் கருத்தொற்றுமை இல்லை. ஆசிரியர் மரபின் தீர்ப்புகளைத் தழுவுவோர் உளர்; மோசேயின் நூல்களில் எழுதப்பட்டதே போதுமென்போரும் உளர். ஓய்வுநாளில் நெருப்பு மூட்டலாகாதென்பது விதி; ஆயின் வழிபாட்டுக்கு மோட்டார் வண்டியிற் செல்லலாமா என்பதுபோன்ற சிறு வினாவும் அவர்களிடையே பெருவழக்காகிவிடுகின்றது.

ஆயினும் இவர்தம் இக்கட்டு பெரும்பாலும் உணவுப்பந்தியிலேதான் கூர்மையடைகின்றது. பிறவினத்து விசுவாசிகள் விருத்தசேதனம் பெறவேண்டியதில்லை, விக்கிரகங்களுக்குப் படைத்தது, இரத்தம், நெருக்குண்டு செத்தது, வேசித்தனம் ஆகியவற்றை விலக்கினாற் போதும் என்று எருசலேமிற் கூடிய அப்போஸ்தலர் தீர்மானித்ததை நடபடிகளின் 15ஆம் அதிகாரம் கூறும். ஆனால் யூத விசுவாசி அவர்களோடு ஒரே பந்தியில் அமரலாமா? அமர்ந்தால் தன் சுற்றத்தார் கண்ணில் அவன் நெறிதவறியவன். அமராவிடின் தன் சகோதரனைத் தீட்டுடையவனாக்கியவன்.

அந்தியோகியாவிலே இதுவே நிகழ்ந்தது. பிறவினத்தாரோடு உண்டுவந்த பேதுரு, யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் அஞ்சி விலகிக்கொண்டார். பர்னபாவும் அவர்பின் சென்றார். பவுல் எல்லோர் முன்னிலையிலும் பேதுருவை நேரே கண்டித்தார். இதே பவுல்தான், வேறோரிடத்தில், யூதத் தாயின் மகனாகிய தீமோத்தேயுவுக்கு, அவ்வூர் யூதரை முன்னிட்டு, விருத்தசேதனம் செய்வித்தவர். கிரேக்கனாகிய தீத்துவுக்கு அதனைச் செய்விக்க இணங்காதவர். கண்டிப்பைக் கேட்ட பேதுரு என்ன மறுமொழி சொன்னார் என்பதைக் கலாத்தியருக்கு எழுதிய நிருபம் தெரிவிக்கவில்லை.