நாரி நோவை மட்டும் சொல்லாதீர்கள், நித்திரையையும் சொல்லுங்கள்

புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலைப் பக்கம் வெங்காயம் பிடுங்கும் காலத்தில் தோட்டத்து மணலில் பெண்கள் காலையிலிருந்து குந்தியிருப்பார்கள். ஒரு கை தாளைப் பிடித்து இழுக்கும், மறு கை மணலை உதறும். பிடி சேர்ந்ததும் கட்டிவைத்துவிட்டு, எழும்பாமலேயே ஒரு சாண் முன்னால் நகர்வார்கள். மதியம் எழும்பும்போது கை தானாக நாரிக்குப் போகும். கரைவலை இழுப்பவருக்கும், உரமூட்டை சுமப்பவருக்கும் இதே கதைதான்.

இவர்கள் டொக்டரிடம் சொல்வது நாரி நோ, முழங்கால் உளைவு, மேலெல்லாம் அலுப்பு. இரவு இரண்டு மணிக்கு முழிப்பு வந்தால் விடியும்வரை கண் மூடுவதில்லை என்பதைப் பெரும்பாலும் சொல்வதில்லை. அது நோய் என்றே அவர்களுக்குத் தோன்றுவதில்லை. வாசலில் வரிசை காத்திருப்பதால் டொக்டரும் கேட்பதில்லை. நீடித்த நோவுக்கான வைத்தியத்தில் பாதி இந்த இடத்தில்தான் தவறிப்போகிறது.

மூன்று மாதம் கடந்த நோ

மூன்று மாதங்களுக்கு மேல் விடாமல் இருக்கும் நோவை, அல்லது விட்டுவிட்டு வரும் நோவை, நீடித்த நோ என்கிறது மருத்துவம். உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது அதற்குத் தனி இடமே கொடுத்தது. நீண்டகாலம் நோவைச் சுமக்கும் உடலில் நரம்புகளும் மூளையும் மாறுகின்றன. தசையில் பட்ட காயம் ஆறியபிறகும், சத்தத்தைக் கூட்டிவைத்த வானொலியைப் போல, சிறு தொடுகையையும் நரம்பு பெரிதாக்கிச் சொல்லும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்றால் நோ பொய் என்று ஆகாது. "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவது அநியாயம்.

நித்திரை கெட்டால் நோ கூடும்

நோ இருந்தால் நித்திரை வராது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நித்திரை கெட்டாலும் நோ கூடும் என்பது பலருக்குத் தெரியாது. நோர்வேயில் ஆயிரக்கணக்கான பெண்களைச் சுமார் பத்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். தொடக்கத்தில் நோ இல்லாத பெண்களில், நித்திரைக் கஷ்டம் இருந்தவர்களுக்கே பின்னாளில் உடல் முழுக்க நோகும் நோய் அதிகமாக வந்தது. அமெரிக்காவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தார் 2019இல் இன்னொன்றைக் காட்டினார்கள். ஓர் இரவு முழித்திருந்தவரின் காலில் சூடு வைத்தபோது, நோவை உணரும் மூளைப்பகுதி வழக்கத்தைவிடக் கூடுதலாக இயங்கியது. நோவைத் தணிக்கும் பகுதிகளோ மந்தமாகிப்போயின. நித்திரையைச் சரிசெய்யாமல் நாரிக்கு மட்டும் மருந்து கொடுத்தால் பாதி வேலைதான் நடக்கும்.

புத்தளத்தின் தனிக் கதை

1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டத்துக்கு. நுரைச்சோலை, ஆலங்குடா, கற்பிட்டிப் பக்கத்துக் குடியிருப்புகள் பல அப்படி உருவானவை. இருபது ஆண்டுகள் கழித்து அவர்களில் 450 பேரை ஆய்வாளர்கள் சந்தித்தார்கள். 2013இல் வெளியான அந்த ஆய்வின்படி 18.8 வீதமானோருக்கு ஏதோவொரு மனநலப் பிரச்சினை இருந்தது. அதிகம் கண்டது, உறுப்பில் காரணம் காணமுடியாத உடல் உபாதைகள். ஏழு பேரில் ஒருவருக்கு, அதாவது 14 வீதமானோருக்கு அது இருந்தது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் 2.4 வீதம்தான்.

வீடு, காணி, ஊர் எல்லாம் இழந்தவர் "மனசு சரியில்லை" என்று சொல்லி டொக்டரிடம் போவதில்லை. தலையிடி, நெஞ்சு இறுக்கம், மேல் உளைவு என்றுதான் போகிறார். அந்த நோ உண்மையானது. கவலையும் நித்திரையின்மையும் கூடிக்கூடி உடலில் இறங்கியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே குடும்ப டொக்டர் இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் போதும்: இரவு எப்படி நித்திரை? வீட்டில் என்ன கவலை? இதற்கு எந்த மெஷினும் தேவையில்லை.

ஊசியும் குளிசையும்

"ஊசி போட்டால்தான் கேட்கும்" என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக இருக்கிறது. டைக்ளோஃபெனாக் போன்ற நோ மருந்துகள் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் போட்டால் குடற்புண், இரத்தக்கசிவு, சிறுநீரகப் பாதிப்பு, பிரெஷர் ஏற்றம் எல்லாம் வரலாம். வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைவாகக் குடித்து வேலைசெய்பவரின் சிறுநீரகத்துக்கு ஆபத்து இன்னும் அதிகம். வேறு நோயால் விளக்கமுடியாத நீடித்த நோவுக்குப் பரசிட்டமோலோ இந்த வகை மருந்துகளோ தொடங்க வேண்டாம் என்று பிரித்தானியாவின் தேசிய வழிகாட்டி 2021இல் சொல்லிவிட்டது. அது முன்வைப்பது உடற்பயிற்சி, மனப்பயிற்சி, தேவைப்பட்டால் சில மனச்சோர்வு மருந்துகள்.

நித்திரைக் குளிசையும் அப்படித்தான். சில வாரங்களில் பழகிப்போகும். முதியவர்கள் இரவில் எழும்பும்போது தடுமாறி விழுவார்கள். ஏற்கெனவே நாட்பட எடுப்பவர் திடீரென நிறுத்தவும் கூடாது. டொக்டரின் சொல்படி மெதுவாகக் குறைக்க வேண்டும்.

நித்திரையைத் திருத்துவது

நாட்பட்ட நித்திரையின்மைக்கு முதல் வைத்தியம் குளிசை அல்ல, பழக்கத்தை மாற்றும் பயிற்சி என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016இல் அறிவித்தது. அதன் சாரம் எளிது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் எழும்பும் நேரம் ஒன்றாக இருக்கட்டும். சுபஹ் தொழுகைக்கு எழும்புபவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவந்தது. தொழுதபின் மறுபடி படுத்து ஒன்பது மணிவரை உறங்குவதுதான் கெடுதல். கண் மூடாவிட்டால் பாயில் புரளாமல் எழும்பி உட்காருங்கள், நித்திரை வரும்போது படுங்கள். பின்னேரத்துக்குப் பிறகு தேத்தண்ணி வேண்டாம். வெற்றிலையோடு போடும் புகையிலையும் நித்திரையைக் கெடுக்கும்.

கடலுக்கு இரவில் போகிறவர்களுக்கும், நுரைச்சோலை அனல் மின்நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பகலில் உறங்குபவருக்கு இருட்டான அறையும், பிள்ளைகளின் சத்தமில்லாத சில மணி நேரமும் வீட்டார் கொடுக்கவேண்டிய வைத்தியம்.

நோவுக்குப் பயந்து முழுநாளும் படுத்துக் கிடப்பது இன்னும் கெடுக்கும். மெல்ல நடங்கள். வெங்காயத் தோட்டத்தில் அரை மணிக்கொருமுறை எழும்பி நிமிருங்கள், குந்தும் வேலையையும் நிற்கும் வேலையையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள்.

தாமதிக்கக் கூடாதவை

நோவோடு காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, காலில் பலமிழப்பு இருந்தாலும், சிறுநீர் போவது கட்டுப்படாமல் போனாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நெஞ்சு நோவுக்கு 1990 சுவசெரிய அம்பியுலன்ஸை அழையுங்கள். பலத்த குறட்டையோடு உறக்கத்தில் மூச்சு நின்றுநின்று வந்தால் அதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். வாழ்வே வேண்டாம் என்று தோன்றினால் 1926க்கு அழைக்கலாம். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அடுத்தமுறை கிளினிக்குக்குப் போகும்போது வீட்டிலிருக்கும் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். நோ எங்கே என்று சொன்ன கையோடு, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை மணிக்கு முழித்தீர்கள் என்பதையும் டொக்டர் கேட்காமலே சொல்லுங்கள்.