ஒரு பெயர், இரண்டு ஊர்கள்

குறிகட்டுவானில் படகேறி, ஏறக்குறைய ஒரு மணி நேரம் அலையில் ஆடி, மாவிலித்துறையில் இறங்கும் தீவுக்கு இரு பெயர்கள் உண்டு. தமிழில் நெடுந்தீவு, ஆங்கிலத்தில் டெல்ஃப்ட். 1658ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நம் தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்ரர்டாம் ஆயிற்று. வேலணை லெய்டன் ஆயிற்று. அவை பெரும்பாலும் வழக்கொழிந்தன. டெல்ஃப்ட் மட்டும் நிலைத்துவிட்டது. அந்த மூல ஊரில் இன்று என்ன நடைபெறுகின்றது என்று நம் மாணவர் கேட்பாராயின், சொல்வதற்குச் சுவையான செய்தி உண்டு.

நுணுக்குக்காட்டியால் நீர்த்துளியில் உயிர்களைக் கண்ட லேவன்ஹூக் பிறந்த நகர் அது. 1842இல் அங்கு தொடங்கிய கல்விநிலையம் இன்று தொழினுட்பப் பல்கலைக்கழகமாக விளங்குகின்றது. அதன் எல்ஸெ கோய் ஆய்வுகூடத்தில் மாணவர் கணினிச் சில்லு செய்யும் கலையைப் பழகுகின்றனர். (சில்லு என்றதும் வண்டிச் சில்லை நினைக்க வேண்டாம். நகத்தளவான சிலிக்கன் துண்டில் எண்ணற்ற திரான்சிற்றர்களை அமைத்த பொருளே இது.)

உச்சி முதல் உள்ளங்கால் வரை போர்த்துக்கொண்டே இத்தகைய கூடங்களுக்குள் நுழைதல் வேண்டும். ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்கிரோன் பருமனுள்ள தூசு நூறுக்கு மேல் இருத்தலாகாது என்பது இவற்றிற்குரிய பழைய அளவுகோல்களுள் ஒன்று. நம் தலைமயிரோ ஏறத்தாழ எழுபது மைக்கிரோன் தடிப்புடையது! ஒளி பட்டால் தன்மை மாறும் பசையைச் சிலிக்கன் தகட்டிற் பூசி, படத்தினூடாக ஒளியைச் செலுத்தி, பின் கரைத்து, அமிலத்தால் அரித்து வடிவங்களை உண்டாக்குகின்றனர். பசை கெடாதிருக்க அறையில் மஞ்சள் விளக்கே எரியும்.

ஆய்வுகூடத்துக்குப் பெயர் தந்த கோய், பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆய்வாளர். ஒரு திரான்சிற்றரின் மின் அயலதற்குக் கசியாமல் தடுப்பதெப்படி? சிலிக்கன் மேல் நைத்திரைட்டுப் படலத்தால் வேண்டிய இடங்களை மூடிவிட்டு, தகட்டைச் சூளையில் இட்டார். மூடாத இடங்களில் சிலிக்கனே ஒட்சைட்டாக மாறிச் சுவராய் வளர்ந்தது. நெடுந்தீவார்க்கு இது எளிதில் விளங்கும். தீவின் சொந்தப் பவளக்கல்லையே அடுக்கி வளவுக்கு வளவு வேலி கட்டியவர்களல்லவா அவர்கள்!

உப்பைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கக் காலத்துத் திரான்சிற்றர்கள் சில காரணம் தெரியாமலே நிலைதடுமாறின. ஒட்சைட்டினுள் புகுந்து நகரும் சோடிய அயன்களே குற்றவாளிகள் என்று 1965இல் ஃபெயார்சைல்ட் நிறுவன ஆய்வாளர் விளக்கினர். விரல் வியர்வையிலுள்ள உப்பும் இக்கேட்டுக்குப் போதும். கையுறை அணியும் மாணவன் இதனை அறிந்தே அணிகின்றான்.

இதனால் தொழில் கிட்டுமா என்று பெற்றோர் கேட்பது நியாயமே. சில்லு அச்சிடும் பெரும் இயந்திரங்களைச் செய்யும் ஏஎஸ்எம்எல் நிறுவனம் ஒல்லாந்திலேயே உள்ளது. இந்தியாவில் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் பம்பாய்த் தொழினுட்பக் கழகமும் 2008 முதல் பிற கல்லூரியினருக்கும் தம் கூடங்களைத் திறந்து பயிற்சி தருகின்றன. 2024இல் குஜராத்தின் தோலேராவில் ஒரு சில்லு ஆலைக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. இலங்கையில் அத்தகைய ஆலை இல்லை; வடிவமைப்புப் பணி கொழும்பில் உண்டு. ஆகவே இக்கலையைக் கைப்பழக்கமாகக் கற்க விரும்பும் பிள்ளை கடல் கடக்கவே நேரும். இதை மறைத்து ஆசை காட்டுதல் தகாது.

நெடுந்தீவுப் பிள்ளைக்கு முதற்கடல் குறிகட்டுவான் வரையுள்ளதே. உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் இரசாயனவியலும் தேறினால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம் எட்டும் தூரத்திலேயே உள்ளது. ஆனால் காற்று மிகுந்து படகு நின்றால், அப்பாலிருந்து வரும் ஆசிரியரின் வரவும் நின்றுவிடும். அன்றைய பரிசோதனையைப் பிள்ளை என்று செய்து பார்ப்பது?